டிக்கெட் எடுக்காமல் வந்தவை

பாலக்கோட்டு ஆஸ்பத்திரி ஆய்வகத்தில்
காலை முழுக்கப் புழுமுட்டை பார்க்கிறேன்.
கொக்கிப்புழு. நாக்குப்பூச்சி.
சில நாள் "ஏதுமில்லை" என்று எழுதக் கிடைக்கும்.
வீட்டுக்கு வந்ததும்
சட்டைகூடக் கழற்றாமல்
மறுபடி குனிகிறேன்
கண்ணாடித் தொட்டிக்கு முன்னால்.

எங்கள் ஊரிலிருந்து கடல்
எந்தப் பக்கம் போனாலும் ஒரு ராத்திரி பஸ்.
என்னுடையது இருநூறு லிட்டர்.
பல்லில் பழுப்புக் கோடு போடும் போர் தண்ணீரை
மீட்டர் பூஜ்ஜியம் காட்டும்வரை வடிகட்டி
பாக்கெட் உப்பு கரைத்துச் செய்த கடல்.
அலைக்கு ஒரு மோட்டார்.
கரண்ட் போனால் அலையும் போகும்.

பெங்களூரில் வாங்கிய பவளத்துண்டு
ஓசூர் வண்டியில் மடிமேல் வந்தது.
டிக்கெட் ஒன்றுதான்.
கூட இறங்கியவர்கள் எத்தனை பேரென்று
மூன்றாம் வாரம்தான் தெரிந்தது.

முதலில் கண்ணாடிப்பூ.
கல்லிடுக்கில் டீ நிறத்தில் ஒன்று,
இமைமயிர் போல விரல்கள்.
"நல்லாத்தானே இருக்கு" என்றாள் தவமணி.
பக்கத்துப் பவளம் அதன் பக்கமாகவே
வெளுத்துக்கொண்டு வந்தது.
நகத்தால் சுரண்டினேன்.
ஞாயிற்றுக்கிழமை எண்ணினால்
ஒன்பது.

சுரண்டக் கூடாது. நசுக்கக் கூடாது.
நிழல் விழாமல் போய்
வாயைத் தொட வேண்டும், அவ்வளவுதான்.
கடைவீதிப் பெட்டிக்கடையில்
ஐந்து ரூபாய்க்கு வெள்ளைச் சுண்ணாம்பு.
"வெத்தலை?" என்றார் கடைக்காரர்.
வேண்டாம் என்றேன்.
"பாக்கு?"
இன்சுலின் ஊசியில் ஏற்றி
ஒன்பது வாய்க்கும் ஒவ்வொரு சொட்டு.
மோட்டாரை நிறுத்தியிருந்தேன்.
பால் மாதிரி இறங்கி
அப்படியே மூடிக்கொண்டது.

அடுத்தது முட்புழு.
இரவில் டார்ச்சுக்குச் சிவப்புத் தாள் சுற்றிப் பார்த்தால்
மணலுக்கடியில் ரயில் போகிறது.
பிடிக்கப் போய் விரல் முழுக்க முள்,
செலோடேப் ஒட்டி ஒட்டிப் பிடுங்கினேன்.
பழி தீர்த்துக்கொள்ளத்தான் காத்திருந்தேன்.
அதற்குள் ஒரு நத்தை செத்தது.
நாற்றம் எழுமுன்
கூடு மட்டும் மிச்சம், கழுவி வைத்ததுபோல.
நோட்டில் "வேண்டாதவை" பக்கத்தில்
அதன் பெயரை அடித்துவிட்டேன்.
வேறு எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று
இன்னும் முடிவாகவில்லை.

பிறகுதான் அந்தச் சத்தம்.
டக்.
விரல் சொடுக்கியதுபோல, நடுநிசியில்.
தொட்டி விரிசல் விடுகிறதென்று
தவமணி பாயைச் சுருட்டிக்கொண்டு கூடத்தை விட்டுப் போனாள்.
காலையில் நண்டின் கால் மட்டும் கிடந்தது.
மறுநாள் நீல மீன் இல்லை.

கற்களை ஒவ்வொன்றாய்க் காதருகே பிடித்தேன்.
மூன்றாவது கல் தட்டியது.
வாளிக்கு மேலே தூக்கி
ஓட்டைக்குள் கோலி சோடாவைப் பீய்ச்சினேன்.
ஏப்பம் விட்டதுபோல் ஒரு குமிழி,
பின்னாலேயே
கட்டை விரல் நீளத்தில் ஒரு பச்சை இறால்,
மடித்த முஷ்டியோடு விழுந்தது.
காம்பின் மேல் இரண்டு கண்.
ஒன்று என்னைப் பார்த்தது.
மற்றது தவமணியை.

"என்ன செய்யப் போறே?"
கொல்வதென்றால் வெயிலில் வைத்தால் போதும்.
விடுவதென்றால்
சின்னாறு இருக்கிறது, தென்பெண்ணை இருக்கிறது,
ஒன்றிலும் உப்பில்லை.

மாங்காய் ஊறுகாய் ஜாடியைக் கழுவிக் கொண்டுவந்தவள் அவள்தான்.
ஒளிய ஒரு துண்டு பிவிசி குழாய்,
காற்றுக்கு ஒரு கல்.
கிருஷ்ணகிரி குவாரியில் அவள் அண்ணன் வேலை.
"மேஸ்திரி" என்று பேர் வைத்தாள்.
செவ்வாய்க்கிழமை தோறும் ஒரு நத்தை
கூலி.

நேற்று இரண்டு மணிக்குக் கரண்ட் போனது.
மோட்டார் நின்றது தெரியாமல் தூங்கினோம்.
டக்.
டக்.
எழுந்து ஓடிப் பேட்டரியை மாட்டினேன்.
நாங்கள் எழத்தான் தட்டினான் என்கிறாள்.
பசிக்கும் தட்டுவான் என்கிறேன் நான்.

டார்ச் வெளிச்சத்தில் ஜாடியைப் பார்த்தேன்.
குழாயின் விளிம்பில், அவன் தலைமாட்டில்
டீ நிறத்தில் ஒன்று
இமைமயிர்களை விரித்துக்கொண்டிருந்தது.

மேசையைத் துழாவினேன்.
சுண்ணாம்பு காய்ந்து
கட்டியாகியிருந்தது.