இரண்டாம் கூடு

எங்கள் படிவங்களில் கட்டத்துக்குக்
கூடு என்று பெயர்.
பிள்ளையின் பேர் இரண்டாம் கூட்டில்.
பட்டினமும் சூழலும் பிரிவில்
முப்பத்தொரு வருஷமாய் அடைக்கிறேன்.
இந்த வருஷம் அதிகம் வந்தவை ஷ்-இல் முடிகிறவை:
கவினேஷ், அஸ்மிதேஷ், டிலுக்ஷ்.
எண்சாத்திரக்காரர் சொன்னாரென்று
இங்கிலீசில் ஓர் எச் கூடப் போடுவித்து
விரல் மடக்கி மூன்று தரம்
எண்ணிப் பார்த்துப் போனார் ஒரு தகப்பன்.

நேற்றுப் பத்தரைக்குத்
திருக்கடலூரிலிருந்து ஒரு சோடி.
பிள்ளை தாயின் தோளில் நித்திரை.
பேர்? என்றேன் நிமிராமல்.
"கோணாமலை."
ஊரில்லைத் தங்கச்சி, பேர்.
"பேர்தான் ஐயா."

பேனை நின்றது.

இதே கேள்வியை
சாம்பல்தீவுப் பாலத்தடியில்
ஒரு துவக்கு என்னைக் கேட்டிருக்கிறது.
ஊரை இல்லை, பேரைச் சொல்லு.
சொன்னேன்.
மறுபடியும் ஊரைத்தான் சொல்கிறேனென்று
முழங்காலில் இருத்தினான்.
மூன்றாந்தரமும் அதையே சொன்னேன்.
கைவசம் வேறு பேர் இருக்கவில்லை.
பஸ் போய்விட்டது,
என் குடையையும் ஏற்றிக்கொண்டு.

வகுப்பில் நாங்கள் நாலு பேர்.
ஆலடிக் கோணாமலை,
ஐஸ்பழக் கோணாமலை,
இடாப்பில் மட்டும் இருந்து
பள்ளிக்கே வராத ஒரு கோணாமலை.
கொஞ்சம் கூனி நடந்ததால்
நான் வெறும் கோணல்.

வேலைக்கு வந்த புதிதில்
மழை பிடித்த ஒரு மத்தியானம்
பழைய புத்தகங்களில் எண்ணினேன்.
ஐம்பத்திரண்டில் பதினேழு.
அறுபத்தெட்டில் ஒன்பது.
எண்பத்து மூன்றில் ஒன்று,
அதுவும் இரட்டையில் ஒன்று.
அதற்குப் பிறகு அந்தப் பேரைக் காண
அடுத்த அலுமாரி திறக்க வேண்டும்.
இறப்புகள் அங்கேதான்.

நானும் ஒரு சத்தியக் கடதாசி முடித்தேன்.
அறுபத்தாறாம் ஆண்டு, மூன்றாம் தட்டு,
என் பிறப்பின் ஓரத்தில்
சிவப்பு மையில் ஒரு திருத்தம்.
எல்லாப் புத்தகமும் தூசு தட்டுவேன்,
அதைத் தவிர.

கருத்தென்ன என்று கேட்டேன்.
படிவத்தில் இல்லாத கேள்வி.
தகப்பன் சொன்னான்:
"போனிலை தேடினனாங்கள் ஐயா,
இப்ப ஒருத்தருக்கும் இல்லை.
நேசரிக்குப் போனா ஆசிரியை கூப்பிட
ஒரே ஒரு பிள்ளைதான் எழும்பும்."
தாய் சொன்னாள்:
"கோணமெண்டா மூலை.
கடல் வந்து திரும்புற மூலை."
பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு,
"வீட்டிலை கோணு எண்டுதான்."
தோளில் பிள்ளை
ஒரு கண்ணைத் திறந்து மூடியது.

கோணு.
நாற்பது வருஷம் முந்தி
இது ஒருத்தருக்கும் தோன்றவில்லையே.

பழைய புத்தகங்களில் இந்தப் பேர்
உயிரோடு நெளியும்.
ணா தன் காலைத் தானே சுருட்டி
மடிக்குள் வைத்திருக்கும்.
லை தும்பிக்கை தூக்கி நிற்கும்.
பிறகு காலைப் பிரித்துத் தள்ளி வைத்தார்கள்,
தும்பிக்கையை நறுக்கினார்கள்.
கணினியில் தேடினாலும் கிடைக்காது.
ஆனால் மூலப் பதிவு இன்னும் கையெழுத்துத்தான்.

இரண்டாம் கூட்டில் எழுதினேன்.
கோ ஒழுங்காய் வந்தது.
ணாவில் விரல் தானாய்ச் சுழித்தது.
மவைத் தாண்டினேன்.
லைக்கு வந்தபோது
கை என்னைக் கேட்கவில்லை.

தகப்பன் எட்டிப் பார்த்தான்.
"இதென்ன எழுத்தையா, பிழைச்சுப் போச்சோ?"
லை தம்பி, என்றேன்.
மலையில் வாற லை.
"வடிவாயிருக்கு" என்றாள் அவள்,
படம் எடுக்கலாமோ என்று கேட்டாள்.
விதிப்படி கூடாது.
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.
வெளியே கோட்டை மானொன்று
யாரோ போட்ட பூசணித் தோலைத் தின்றபடி
மோட்டார் சைக்கிளுக்கு வழிவிடாமல் நின்றது.

மை காய்ந்ததும்
கீழே பதிவாளரின் ஒப்பம்.
ரமணன்.
ஒரு கோணலும் இல்லாமல்
நேராய் விழுந்தது.