இரண்டாம் சூடு

ஞாயிற்றுக்கிழமைகளில் கிச்சனரில்
எங்கள் கடை திறப்பதில்லை.
சனி பின்னேரம் போறணையை விட்டு இறங்கிய
நாற்பது றாத்தல் பாண்
மரத் தட்டுகளில் துணி போர்த்திக் கிடக்கும்
ஒன்றரை நாள்.
புதிசுமில்லை, பழசுமில்லை.
தொட்டால்
தூங்குகிற ஆளின் முழங்கை மாதிரி இருக்கும்.

திங்கள் விடிய மூன்று மணி.
வெளியே மைனஸ் பத்தொன்பது.
தலைக்கு வலை போட்டு அறுக்கத் தொடங்குவேன்,
ஒரு விரல் தடிப்பு, அதற்கு மேல் ஒரு நூல்.
சுடச்சுட அறுத்தால் பிசைந்து போகும்,
காயவிட்டு அறுத்தால் உதிர்ந்து போகும்.
அந்த ஒன்றரை நாள் எதற்கென்று
கத்திக்குத்தான் தெரியும்.

முதலாளி ஒட்டீலியா இதை
ட்ஸ்வீபாக் என்பாள்.
இரண்டு தரம் சுட்டது என்று அர்த்தமாம்.
நூலகக் கூட்டத்தில் இதைச் சொல்லப்போக
இளமாறன் அண்ணைக்குக் கண் கலங்கிவிட்டது.
"அகதியின் வாழ்க்கையே அதுதானே, பிள்ளை."

இல்லை அண்ணை.
இரண்டாம் தரம் இதை யாரும் சுடுவதில்லை.
சூட்டைப் பாதிக்கும் கீழே இறக்கி
போறணைக் கதவின் இடுக்கில் ஒரு மரக்கரண்டியைச் செருகி
ஈரம் தானாக எழும்பிப் போகும்வரை
பக்கத்தில் சும்மா நிற்பதுதான் வேலை.
ஒன்றே கால் மணித்தியாலம்.
எனக்குக் கால்தான் நோகும்.
வாழ்க்கை ஒன்றும் நினைவுக்கு வராது.

கார்த்திகையில் ஒரு தகரப்பெட்டி நிறைய
வவுனியாவுக்கு அனுப்பினேன், தங்கைக்கு.
கப்பலில் அறுபத்தொரு நாள்.
பெட்டி ஒரு மூலை நெளிந்திருந்ததாம்.
உள்ளே ஒன்றுகூட உடையவில்லையாம்.

சுகிர்தா போன் எடுத்தாள்.
"கனடாவிலயிருந்து றஸ்க்கே அனுப்பினனி?
முன்கடையில கட்டித் தொங்குது, காய்ச்சல்காரருக்கு.
பிள்ளையள் சொக்லேட் எண்டு
பெட்டியைச் சுத்திச் சுத்தி வந்ததுகள்."

இது றஸ்க் இல்லையடி,
பட்டர் போட்டது, பால் விட்டுக் குழைத்தது,
ஒரு பைக்கற் ஒன்பது டொலர் என்றேன்.

"தேத்தண்ணியில தோய்ச்சா எல்லாம் ஒண்டுதான்."

ஆனால் தோய்க்கவில்லை அவள்.

நொறுக்.

பதின்மூவாயிரம் கிலோமீற்றர் தாண்டி
என் காதுக்குள் அது உடைந்தது.
நான் மூச்சை அடக்கிக் கேட்டேன்.
நடுவில் இழுபடவில்லை.
ஓரத்தில் கருகிய கிறீச் இல்லை.
ஈரம் ஒரு சொட்டும் இல்லை.
கதவிடுக்கு சரி, கரண்டி சரி,
என் கால்நோவும் சரி.

மற்றொரு நொறுக்.
பக்கத்து வீட்டு மதில் கதையைத் தொடங்கியவள்
பாதியில் விட்டுவிட்டாள்.
மூன்றாவது நொறுக்குக்குப் பிறகு
வாய் நிறையத் தூளோடு சொன்னாள்,
"ஏலக்காய் போட்டிருக்கலாம்."

நேற்றுச் சனி.
ஒட்டீலியா கணக்குப் பார்க்கும் நேரம்
பதினாறு காய் உடைத்து
மாவுக்குள் போட்டுவிட்டேன்.
நாற்பது றாத்தலுக்கும்.

இன்றைக்கு ஞாயிறு.
சுருசுருவென்று பனி கொட்டுகிறது.
பூட்டிய கடைக்குள் துணிக்கடியில்
அவை மணந்துகொண்டு கிடக்கும்.
ஒட்டீலியாவுக்கோ
தெருமுனையில் வரும்போதே எது கருகுதென்று சொல்லும் மூக்கு.

கத்தியைத் தீட்டி
பையில் வைத்திருக்கிறேன்.