போயிட்டு வாறன்

புதுக்கடை நீதிமன்றத்தில் இருபத்திரண்டு வருடம்
அடுத்தவன் சொல்லை என் வாயில் ஏற்றி
அப்பால் இறக்குகிற உத்தியோகம் எனக்கு.
சாட்சி அழுதால் நான் அழக்கூடாது.
ஆங்கிலத்தில் இறங்காத அழுகையைப் பலநாள்
தொண்டையோடு வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறேன்.

இன்றைக்கு ஒரு காப்புறுதி வழக்கு.
முகத்துவாரத்தில் படகேறிய ஒருவன் கரை திரும்பவில்லை.
வாசலில் நின்று மனைவிக்குக் கடைசியாகச் சொன்னது:
"போயிட்டு வாறன்."
சொல்லுக்குச் சொல் பெயர்த்தேன்.
கம்பனி வழக்கறிஞர் வெளிநாட்டில் பிறந்து வளர்ந்தவர்,
பிடித்துக்கொண்டார்:
திரும்பி வருவேன் என்று திட்டமிட்டுச் சொன்னவன்
எங்கோ ஒளிந்திருக்கிறான், கனம் நீதிபதி அவர்களே.

சிங்கள நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.
"எங்கள் வீட்டிலும் அப்படித்தான் சொல்லுவோம்.
போகிறேன் என்று மட்டும் சொல்லி
யாரும் படி இறங்குவதில்லை."
அடுத்த தாளைப் புரட்டினார்.

தமிழில் வழக்கு என்றால்
சண்டையும் அதுதான், பழக்கமும் அதுதான்.

பின்னேரம் மழை. தேத்தண்ணிக்கடையில் மச்சான் பல்தசார்.
கோயிலை விட்டு நாலு வருடம்.
மட்டக்குளியில் டயர் கடைக்கு மேலே ஒரு மண்டபத்துக்குப் போகிறான்.
சிப் வைத்த உறைக்குள் வேதாகமம், நாலு நிறத்தில் கோடுகள்.
வசனம் அவனுக்கு என்னைவிட நிறையத் தெரியும்,
அதை மறைக்கமாட்டேன்.
இறால் வடையைக் கடித்தபடி கேட்டான்:
"உங்கட பாரம்பரியம் எங்க எழுதியிருக்கு? காட்டுங்கோ."

"அந்தப் புத்தகத்தின் பொருளடக்கம்
எந்த அதிகாரத்தில் எழுதியிருக்கு?
எது உள்ளே, எது வெளியே என்று
உட்கார்ந்து தீர்த்த ஆயர்களை நம்பித்தானே
நீ சிப்பை இழுக்கிறாய்?"

"நீங்கள் கோட்டுக்காரன்," என்று சிரித்தான்.

"எல்லாம் எழுத்துப்படி என்கிறாய் பல்தசார்.
அப்பத்தை எடுத்துத் தம் உடல் என்று
ஆண்டவர் சொன்ன இடத்தில் மட்டும்
உவமை என்கிறாய்."

அவன் சிரிக்கவில்லை. நானும் நிறுத்தவில்லை.

அதே இரவில் அவரும் சொன்னார்,
போவதாகவும் வருவதாகவும்.
படகுக்காரன் சொன்னது விடைபெறும் வழக்கம்.
அவர் சொன்னது வாக்கு.
தாளில் இரண்டும் ஒன்றுபோலத்தான் கிடக்கும்.
எந்தக் குரலில் சொன்னார் என்பது
பந்தியில் இருந்தவர்களுக்குத் தெரியும்.
அவர்கள் கைவைத்த தலைகளுக்குத் தெரியும்,
அந்தத் தலைகள் பிறகு கைவைத்த தலைகளுக்கும்.
எழுதும்போது அதை எழுதினார்கள்,
எழுதாதபோது அதைச் செய்தார்கள்.

சங்கிலியில் துருப்பிடித்த வளையம் உண்டு.
ஒருவரை எனக்கே தெரியும்,
கோயில் காணியில் கடை கட்டி வாடகை எடுத்தவர்.
நீ வெளியே போனதும் அவரால்தான்.
ஆனாலும் அவர் கையிலும் அப்பம்
வெறும் அப்பமாக இருக்கவில்லை, மச்சான்.

நான் சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளன்.
சொந்தமாக ஒரு சொல் கூட்டினால் வேலை போகும்,
ஒரு சொல் விழுங்கினால் ஒருவன் மறியலுக்குப் போவான்.
திருச்சபையை நான் அப்படித்தான் நினைக்கிறேன்:
வார்த்தைக்கு எசமானி இல்லை,
வார்த்தைக்குப் பக்கத்தில் நிற்கிற பெண்,
இரண்டாயிரம் வருடம் கால் கடுக்க.

"யோசிக்கிறன்," என்றான். ஒத்துக்கொள்ளவில்லை.
கொட்டாஞ்சேனைப் பக்கமிருந்து திருந்தாதி மணி.
மழை விட்டிருந்தது.
தேத்தண்ணிக்குக் காசு வைத்தான், உறையின் சிப்பை இழுத்தான்,
"போயிட்டு வாறன் அத்தான்," என்றான்.

எங்கே எழுதியிருக்கு என்று நான் கேட்கவில்லை.
குடையை மறந்து விட்டுப் போயிருக்கிறான்.