மூன்றாவது பெட்டி

ஆஸ்பத்திரி வீதி, இரண்டாம் மாடி.
எங்கள் இரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு
ஒரு பெரிய சேர்வரா, இரண்டு சின்னதா என்று
மூன்று கிழமையாய்ப் பேச்சு.

"ஒண்டு வேலை செய்ய மற்றது நித்திரையோ?
நித்திரைக்கும் நான் காசு குடுக்கிறதோ?"
மங்களேஸ்வரன் ஐயா
மூக்குக்கண்ணாடியால் விலைப்பட்டியலைத் தட்டுகிறார்.

நித்திரை இல்லை ஐயா.
விடியவே வெறுவயிற்றோடு வருகிற சனத்தை
இரண்டுக்கும் பங்கிடலாம்.
குறிகட்டுவான் படகில்
'அங்கால தள்ளி இருங்கோ' என்கிறவர் போல
வாசலில் ஒருவர், அவ்வளவுதான்.
நொடிக்கொரு தரம் ஒன்றையொன்று கேட்கும்:
இருக்கிறியா?
இருக்கிறன்.
பதில் வராவிட்டால்
மற்றது முழுப்பாரத்தையும் எடுக்கும்.

இனித்தான் சொல்லக் கஷ்டமானது.
இடையிலுள்ள வயரை எலி கடித்தால்
இரண்டும் உயிரோடிருந்தபடியே
மற்றது செத்துப்போச்சு என்று நம்பும்.
இரண்டும் தானே தலைமை என்று எழுதத் தொடங்கும்.
கொய்யாத்தோட்டத்துச் செபமாலைக்கு
இரண்டு சீனி அளவு,
இரண்டும் சரியான கையொப்பத்தோடு.

அதற்குத்தான் மூன்றாவது பெட்டி.
பாரம் சுமக்காது. கணக்கு எழுதாது.
ஆர் இருக்கினம் என்று மட்டும் சொல்லும்.
பட்டியலில் அதன் பெயர் சாட்சி.

இரண்டுக்கு ஒப்பமிட்டார்.
சாட்சியைச் சிவப்பு மையால் வெட்டினார்.

களஞ்சிய அறையில், கனடா போன
றெஜினோல்டா விட்டுச்சென்ற கணினி.
பக்கமூடி இல்லை, விசிறி இரையும்.
தூசு தட்டிச் செருகினேன்.

பின்னேரம் கரண்ட் போனது.
ஜெனரேற்றர் பிடிக்குமுன்
இருட்டில் பச்சைப் புள்ளிகள்:
ஒன்று, இரண்டு,
கொஞ்சம் மங்கலாய் இன்னொன்று.
ஐயாவும் எண்ணியிருப்பார்.
ஒன்றும் கேட்கவில்லை.