மூச்சு விடும் இடம்

ஒவ்வொரு வரியிலும் கடைசிச் சொல் என்னுடையது.
எழுதியவள் அவள்தான்; சொல்பவள் நான்.
அந்த ஒரு சொல் நேரத்துக்குள்
ரோமெல்டா மூச்சை இழுத்துக்கொள்வாள்.
ஆறு வருஷம் இதுதான் என் உத்தியோகம்.

அலபாமாவில் மொபீல் என்றொரு ஊர்.
மழை விட்ட பிறகும் காற்று ஈரம் விடாது.
அங்கிருந்து தெற்கே, நண்டு உடைக்கும் கொட்டகையில்
எனக்கும் அவளுக்கும் எதிரெதிர் மேசை.
பவுண்டுக் கணக்கில் கூலி.
ஓட்டில் கத்தி விழும் சத்தத்துக்கு
அவள் உதடு தனியாக ஓடிக்கொண்டிருக்கும்:
தட்டு, தட்டு, பிள, தட்டு.
மேஸ்திரி பெயருக்கு அவள் ஓர் எதுகை கண்டுபிடித்த அன்று
கொட்டகையே குலுங்கிச் சிரித்தது.
மறுநாள் இரண்டு பேருக்கும் வேலை இல்லை.

மேடைக்கு அவள் வைத்துக்கொண்ட பெயர் நீலக்கொடுக்கு.
"கடிக்குமா?" என்றான் ஒரு கிளப் முதலாளி.
"விரலை நீட்டு" என்றாள்.

அவள் மாமாவின் பழைய ஓல்ட்ஸ்மொபைல்.
டிக்கியில் பாதி ஸ்பீக்கர், மீதி கேசட்.
ஸ்டெப்னியை வீட்டிலேயே இறக்கிவிட்டோம்.
பேஸ் ஏறினால் நம்பர் பிளேட் பல்லைக் கடிக்கும்.
முடிவெட்டும் கடை வாசல்கள், டயர் கடைகள்,
வெள்ளிக்கிழமை மீன் பொரிக்கும் இடங்கள்.
கேசட் ஐந்து டாலர்; அழகாகச் சிரிப்பவனுக்கு ஆறு.
மிசிசிப்பி தாண்டி லூசியானா வரை
வாங்கியவர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்:
"எந்த ஆள் உனக்கு எழுதித் தருகிறான்?"
வலது கையை விரித்துக் காட்டுவாள்.
உள்ளங்கை முழுக்க ஓடு கிழித்த கோடுகள்.

பிறகு அட்லாண்டா. கண்ணாடிக் கட்டடம்.
ஒப்பந்தம் நாற்பத்தொரு பக்கம்.
அவர்கள் சாப்பிடப் போய்த் திரும்பும்வரை
ஒரு பக்கம் விடாமல் படித்தாள்.
"யுலாண்டா எங்கே?" என்று கேட்டாள்,
நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன்.
கடைசிச் சொல்லுக்கென்று தனியாக ஆள் வைப்பதில்லை,
ஸ்டுடியோவில் உன் குரலையே இரண்டு தடவை பதியலாம் என்றார்கள்.
பேனா வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

இதை இன்னும் நான் மன்னிக்கவில்லை.
மன்னிக்காமலே இருபது வருஷமாக
அவள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சாப்பிடுகிறேன்.

முழு ஆல்பம் வெளிவரவே இல்லை.
இடுப்பு சரியில்லையாம், பிறகு நேரம் சரியில்லையாம்.
வேறு நான்கு ஆண்களின் பாட்டில்
அவளுக்குக் கிடைத்தது பதினாறு வரி.
அந்தப் பதினாறு
கோடைக்காலம் முழுக்க எல்லாக் கார் ஜன்னலிலும் ஓடியது.
மூச்சே விடாத பெண் என்று எழுதினார்கள்.
ஒட்டிய டேப் எங்கே மூச்சு விடும்?

ஹூஸ்டனில் முதல் பெரிய மேடை.
ஏழாவது வரியில் குரல் அறுந்தது.
யாரோ எடுத்த வீடியோ என்னிடம் இருக்கிறது:
கூட்டம் கத்துகிறது,
அவள் இடப்பக்கம் திரும்பிப் பார்க்கிறாள்.
அந்தப் பக்கம் ஸ்பீக்கர் மட்டும் நிற்கிறது.

இப்போது அவள் ஓட்டுவது டயாலிசிஸ் வேன்.
விடிவதற்குள் ஆறு பேரை ஏற்ற வேண்டும்,
மதியம் அதே ஆறு பேரை, கொஞ்சம் லேசாக, இறக்க வேண்டும்.
மிஸ்டர் டூப்ரீக்குப் பழைய டிஸ்கோ வேண்டும்; போடுவாள்.

போன மாதம் போன் வந்தது.
இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி
அந்தப் பதினாறிலிருந்து நான்கு வரியை வெட்டி
தன் பாட்டின் நடுவில் வைத்திருக்கிறாளாம்.
பெயரை எழுத்துப் பிழையோடு போட்டிருக்கிறார்கள்.
அக்டோபரில் விழா; மேடையில் நேரில் சொல்ல வேண்டுமாம்,
வெட்டாமல், முழுசாக.

நேற்று வேனில் ஒத்திகை பார்த்தோம்.
சக்கர நாற்காலி பூட்டும் இடத்தில் நான் நின்றேன்.
ஆறு வரி நழுவிப் போனது, எண்ணெய் போல.
ஏழாவது வரியில் சொல்லை
வேண்டுமென்றே பல்லுக்குள் வைத்துக்கொண்டேன்.
அவளும் சொல்லவில்லை.
கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள்.
எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"எவ்வளவு?" என்றாள்.

"பாதி."