யூனிட் 214

மாதம் எண்பத்தொன்பது டாலர் வாடகை.
நெடுஞ்சாலை ஓரம், டயர்க் கடைக்குப் பின்னால்
ஆரஞ்சு ஷட்டர் போட்ட அறை.
மினசோட்டாவில் எங்கள் ஒடிசா அங்கேதான் இருந்தது,
வருடத்தில் முந்நூற்று அறுபது நாளும்.

நான் சமாஜத்தின் பொருளாளர்.
ஒன்பது வருடமாக. வேறு யாரும் அந்தப் பதவியைக் கேட்கவில்லை.

சமாஜம் உடைந்தது ஆறு நிமிடத்தால்.
அந்த வருட விழாவில் ஒடிசி நடனத்துக்கு நாற்பது நிமிடம்,
சம்பல்பூர் டால்காய்க்கு ஆறு.
"மேற்கே பிறந்தவனும் ஒடியாதானே?" என்றார் கௌரஹரி மெஹர்.
மைக்கை அணைத்திருந்தார்கள். கடைசி வரிசைவரை கேட்டது.
"அட்டவணை போட்டது நான் இல்லை" என்றார் தலைவர் நிருபமா மகாபாத்ரா,
அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டே.

அடுத்த வாரம் இரண்டு லெட்டர்ஹெட்.
இரண்டிலும் அதே கோனார்க் சக்கரம்;
புதியதில் ஓர் ஆரம் குறைவு, அவசரத்தில் வரைந்தது.

இருவரும் தனித்தனியே போன் செய்தார்கள்:
கணக்கு தீரும்வரை ஒரு காசு வெளியே போகக்கூடாது.
நான் சொன்ன பேச்சு கேட்பவன்.
கிடங்குக்காரன் அனுப்பிய மூன்று கடிதங்களையும்
மளிகைக் கூப்பன்களுக்கு அடியில் வைத்தேன்.

பிப்ரவரியில் இணையத்தில் ஏல அறிவிப்பு, படத்தோடு:
"பெரிய பாத்திரங்கள், மேளம், பலகைகள்.
மரப்பொம்மைகள் மூன்று. சேதமடைந்தவை."

சேதமில்லை ஐயா.
அவருக்குக் கை அவ்வளவுதான்.
இமையும் கிடையாது.
இதை யாருக்கு எழுதி அனுப்புவது?

ஏலம் இருபது டாலரில் தொடங்கியது.
ஒருவர் 'மகாநதி' என்ற பெயரில் கேட்டார்.
சற்று நேரத்தில் இன்னொருவர், 'மகாநதி2'.
அந்தப் பெயரில் ஏற்கெனவே ஆள் இருக்கிறார் என்று
இணையதளம் சொல்லியிருக்கும்.
சம்பல்பூரைத் தொட்டு ஓடும் ஆறு,
கட்டக்கைத் தொட்டு ஓடும் அதே ஆறு,
நள்ளிரவில் தன்னோடு தானே மல்லுக்கட்டி
ஆயிரத்து முந்நூற்று நாற்பது டாலருக்கு ஏறியது.
எங்கள் பாக்கி இருநூற்று அறுபத்தேழு.
படுக்கையில் கிடந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.
வாயைத் திறக்கவில்லை.

ஜெயித்தது நிருபமா.
நாற்பத்தெட்டு மணி நேரத்தில் காலி செய்ய வேண்டும்.
வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
பகாளா தினத்துக்குச் சோறு ஊறவைக்கும் நான்கு அண்டாவும்
சுலபமாக வண்டியேறின.
ரதம்தான் அசையவில்லை.
சிக்னல் கம்பத்தில் இடிக்காமலிருக்கக் கூரை மடங்கும் ரதம்;
எந்த ஆணியைப் பிடுங்கினால் எது கழலும் என்பது
கட்டியவருக்கு மட்டுமே தெரியும்.

கௌரஹரியைக் கூப்பிட்டேன்.
பேஸ்மேக்கர் கம்பெனி இன்ஜினியர்.
பூட்ஸுக்குள் பைஜாமா திணித்து வந்தார்.
ஒவ்வொரு பலகையின் அடியிலும் பென்சிலில்
எங்கள் உருண்டை எண்கள், அவர் கையெழுத்து.
நிருபமா டார்ச் பிடித்தார்.
"மூன்று."
"இதோ மூன்று."
"அது ஏழு. வால் எந்தப் பக்கம் என்று பாருங்கள்."
மூன்று மணி நேரத்தில் அவர்கள் பேசிய ஒடியா அவ்வளவே.
கடைசியில் அவர் மேளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார்.
யாரும் தடுக்கவில்லை.

இப்போது எல்லாம் என் கராஜில்.
கார் வெளியே நிற்கிறது.
மாதம் பிறந்தால் இரண்டு காசோலை வரும்,
நாற்பத்து நான்கரை டாலர் வீதம்.
ஒன்றின் குறிப்பில் 'வாடகை',
மற்றதில் 'காணிக்கை'.
எந்தக் கணக்கில் எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை.
காலையில் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டுகிறேன்.
கராஜ் கதவின் சதுர ஜன்னல் வழியே
மூன்று ஜோடிக் கண்கள்
நான் வேலைக்குத் தாமதமாவதைப் பார்க்கின்றன.