பின்னிடது கால்

ராத்திரி இரண்டு மணிக்கு
மேசையில் வைத்த எலுமிச்சை உருண்டு போய்
ஆரினின் செருப்புக்குள் விழுந்தது.
வண்டி மறுபடியும் சாய்கிறது.

குவார்ட்ஸைட் பாலைவனம், பிப்ரவரி.
நாலு இரும்புக்கால் ஊன்றி நிற்கும் வீடு.
மூன்று கால் சொன்னதைக் கேட்கும்.

பக்கத்து வண்டி தாடியஸ் சொன்னார்:
"எண்ணெய் குறைஞ்சிருக்கும், ஊத்துங்க."
ஊற்றினோம், கால்கள் நீண்டு நிற்கையிலேயே.
மறுநாள் மடக்கியபோது
தொட்டி நிரம்பி வழிந்து
மணலில் சிவப்பாய் ஓடியது,
கோழி அறுத்த இடம் போல.
மடக்கிவிட்டுத்தான் அளவு பார்க்க வேண்டுமாம்.
கையேட்டில் பதினோராம் பக்கம். யார் படித்தோம்?

ஆரின் பாட்டரியைச் சந்தேகித்தான்,
பிறகு ரப்பர் வளையத்தை,
பிறகு என்னை.
"நேத்து நீதானே பொத்தானை அமுக்கின?"
முப்பத்தொரு வருஷமாய்
எந்தக் கசிவுக்கும் கடைசியில் நான்தான்.

குழாய் நெடுகத் தடவிப் பார்த்தேன். ஈரமில்லை.
வெளியே கசியவில்லையென்றால்
உள்ளேதான்.
கட்டைகளை முட்டுக் கொடுத்து,
அழுத்தத்தை இறக்கி,
வால்வைக் கழற்றினேன்.
அதன் வாயில் ஒரு மணல்துகள்.
கடுகில் கால்வாசி.
பதினாலு டன் வீட்டை
ராவெல்லாம் இறக்கிக்கொண்டிருந்தது அதுதான்.

துடைத்தேன், பூட்டினேன்.
மட்டக்கண்ணாடியில் குமிழி நடுவில் போய் நின்றது.
எலுமிச்சை அசையவில்லை.

அன்றைக்கு இருவருக்கும் தூக்கமில்லை.
இத்தனை நாள் அந்தச் சரிவுதான்
அவனை என் பக்கம் தள்ளியிருக்கிறது.

"அரை அங்குலம் இறக்கட்டுமா?"
இருட்டில் கேட்டான்.

"இந்தத் தடவை
நீ அமுக்கு" என்றேன்.